தூசுக்கு ஒரு தம்ளர் பால்

விசிலக்கா ஊதினால் பந்து நிற்கும், ஆட்டக்காரர்கள் நிற்பார்கள், மைதானத்து ஓரத்தில் சுருண்டு கிடக்கும் நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். போர்வை ஆலையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கும் கால்பந்து ஆட்டத்துக்கு அவள்தான் நடுவர். விசில் அவள் வீட்டுக்காரருடையது. அவர் பஸ் கண்டக்டர். பல வருஷங்களுக்கு முன்னால் சாயப் பிரிவுக்காரர்களும் பேக்கிங் பிரிவுக்காரர்களும் ஒரு கோலுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது, பழைய நடுவர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இவள், புருஷன் பையிலிருந்து விசிலைப் பிடுங்கிக்கொண்டு நடுவில் போய் நின்று காது கிழிய ஊதினாள். "யாருடா முதல்ல கையை ஓங்கினது? நீ வெளிய போ. நீயும் போ. மிச்சம் இருக்கறவன் ஆடு!" என்றாள். ஆடினார்கள். அன்றையிலிருந்து அவள் பெயர் விசிலக்கா.

பொம்பளை எப்படி நடுவராகலாம் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களைவிட அவள் வேகமாக ஓடியதால் முணுமுணுப்பு பின்னாலேயே நின்றுவிட்டது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பந்து ஒரு கோடியில் இருந்தது, இவள் மைதானத்தின் நடுவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நெஞ்சில் யாரோ ஈரத்துணியை முறுக்கி வைத்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு பக்கம் "கோல்!" என்று கத்தல், இன்னொரு பக்கம் "கோட்டைத் தாண்டல!" என்று கூச்சல். அவள் பார்க்கவில்லை. ஆனாலும் கோல் என்று ஊதிவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்காததற்கு ஊதினாள்.

"அக்கா, அடுத்த தடவை அண்ணன் பஸ்ஸுல ஏறி வாங்க, பந்துகிட்ட சீக்கிரம் வந்துடலாம்!" என்றான் தோற்ற அணியின் கோல்கீப்பர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் விசிலைக் கழற்றி மேசைமேல் போட்ட வேகத்தில் அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"வயசாகுதும்மா. ஒத்துக்கிட்டா நோகாது," என்றார் கண்டக்டர், குனிந்து விசிலைத் தேடியபடி.

"உங்களுக்குத்தானே என்னைவிட வயசு? நீங்க நாள் முழுக்கக் கத்திக்கிட்டு பஸ்ஸுக்குள்ள முன்னயும் பின்னயும் நடக்கல?"

"நான் உன்னை மாதிரி ஓடறேனா?"

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ங்க. நகை வேண்டாம், நட்டு வேண்டாம். ஆட்டம் முடியற வரைக்கும் பந்துகூடவே ஓடணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு இருமினாள். அந்த இருமல் சீக்கிரம் நிற்கவில்லை. கண்டக்டர் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

*

அவள் வேலை செய்த இடத்துக்குப் பெயர் 'சலூன்'. ஆலைக்காரர்கள் அதற்கு வேறு ஏதோ பெயர் எழுதி மாட்டியிருந்தார்கள், யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். நெய்து வரும் போர்வையை முதலில் கம்பித் தூரிகையால் சீவிச் சிலுப்பி விடுவார்கள். தலைவிரி கோலமாக வரும் அந்தப் போர்வைக்கு முடி வெட்டிச் சமப்படுத்துவது சலூனின் வேலை. உருளையில் பொருத்திய கத்திகள் சுற்ற, போர்வை அடியில் ஓடும். வெட்டுப்பட்ட பிசிறு பறக்கும். சிவப்புப் போர்வை ஓடும் நாளில் அறையே சிவக்கும், நீலம் ஓடினால் நீலம். சலூன் பெண்கள் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு என்ன நிறம் ஓடியது என்று கைக்குட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதை வைத்துச் சிரித்துக்கொள்வார்கள்.

கதவும் சன்னலும் எப்போதும் அடைத்தே இருக்கும். பக்கத்துப் பிரிவின் வெள்ளைப் போர்வையில் சிவப்புப் பிசிறு ஒட்டிவிடக் கூடாதாம். ஆக அந்தப் பிசிறு போர்வைக்கு ஆகாது என்பது ஆலைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சுவரோடு சுவராகப் பெரிய உறிஞ்சும் மிஷின் ஒன்றும் உண்டு, பிசிறை இழுத்துப் பைகளில் அடைக்க. அந்தப் பைகள் கிழிந்து வருஷக்கணக்காகிறது. அதிகாரி யாராவது பார்வையிட வந்தால் மட்டும் அதை முடுக்குவார்கள். அது பெருமூச்சு விட்டுக்கொண்டே ஓடும். அவர் கார் ஏறியதும் நின்றுவிடும்.

சலூனுக்கென்று இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று பால். வேலை நடுவே ஆளுக்கு ஒரு தம்ளர் சூடான பால் வரும். பால் குடித்தால் தொண்டையில் ஒட்டிய தூசு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த மருத்துவம். அந்தப் பால் சும்மா வந்துவிடவில்லை. விசிலக்காதான் முன்னே நின்று, மேனேஜர் அறை வாசலில் எல்லாரையும் உட்கார வைத்து, வாதாடி வாங்கிக் கொடுத்தது. ஆலையில் அவள் தலை நிமிர்ந்து நடந்ததற்கு விசிலைவிடப் பால்தான் பெரிய காரணம்.

இன்னொன்று காற்றுக் குளியல். வேலை முடிந்ததும் மிஷினைச் சுத்தம் செய்யும் காற்றுக் குழாயை எடுத்து ஒருத்தி மேல் ஒருத்தி அடித்துக்கொள்வார்கள். தலை, தோள், முதுகு, சேலை மடிப்பு. 'புஸ்'ஸென்று பிசிறு கிளம்பும், கூச்சத்தில் ஆள் துள்ளும், அறை முழுக்கச் சிரிப்பு. வீட்டில் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளும், பிசிறோடு போகக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. குழாய் பெரும்பாலும் விசிலக்கா கையில் இருக்கும். அவளுடைய நாத்தனார், கண்டக்டரின் தங்கை, அடுத்த மிஷினில் வேலை செய்தாள். அவளுக்கு இடுப்பில் கூச்சம் அதிகம். அங்கேதான் குழாய் அதிக நேரம் நிற்கும்.

"அண்ணி! ஐயோ அண்ணி! அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்!"

"சொல்லு. அவருக்கும் ஒரு நாள் அடிக்கறேன்."

*

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஒரு குழாயைக் கொடுத்து, "மூச்சை நல்லா இழுத்து, முழுசா, வேகமா ஊதுங்க," என்றாள்.

"ஊதறது என்கிட்டயா சொல்றீங்க?" என்று விசிலக்கா சிரித்து, கன்னம் உப்ப ஊதினாள்.

டாக்டர் திரையைப் பார்த்தாள். இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். பிறகு மூன்றாவது தடவை. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நீங்க எங்க வேலை செய்யறீங்க?"

சொன்னாள். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னாள், மறுபடி வரச் சொன்னாள். படத்தோடு மறுபடி போனபோது சுற்றி வளைக்காமல் சொன்னாள்: நுரையீரலின் அடி வரைக்கும் நுண்ணிய பிசிறு போய்ப் படிந்திருக்க வேண்டும், அது உள்ளே புண்ணாக்கி, புண் ஆறித் தழும்பாகி, நுரையீரல் விறைத்துக்கொண்டிருக்கிறது.

"பிசிறுன்னா பஞ்சுதானே டாக்டர்? மெத்து மெத்துன்னு இருக்கும்."

"அது பஞ்சு இல்லம்மா. பிளாஸ்டிக். தண்ணி பாட்டில் எதுல செய்யறாங்களோ, அதையே இழையா இழுத்து நெய்யறாங்க."

விசிலக்கா தன் முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு துளிச் சிவப்பை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாள்.

"பேப்பர்ல போட்டிருந்தானே, ரத்தத்துல பிளாஸ்டிக்கு, மீனுல பிளாஸ்டிக்குன்னு. அதுவா?" என்றார் கூட வந்திருந்த கண்டக்டர்.

"அதுதான், ஆனா ஒரு வித்தியாசம். எல்லார் உடம்புலயும் பொடிப் பொடியா இருக்கறதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அது என்ன கெடுதல் செய்யுதுன்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. எனக்கும் முழுசாத் தெரியாது, தெரியும்னு சொன்னா நம்பாதீங்க. ஆனா இந்த மாதிரி ஆலையில மூச்சு வழியா மூட்டை மூட்டையா உள்ள இழுக்கறவங்க நுரையீரல் கெடுங்கறது புதுசு இல்ல. பல வருஷமாத் தெரிஞ்சது."

"யாருக்குத் தெரிஞ்சது?" என்று கேட்டாள் விசிலக்கா.

டாக்டர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தாள்.

"நாங்க தினம் பால் குடிக்கறோம் டாக்டர்."

"நல்லது. எலும்புக்கு நல்லது."

"தூசு இறங்கறதுக்கு..."

"அம்மா, பால் வயித்துக்குப் போகுது. தூசு நுரையீரலுக்குப் போகுது. ரெண்டும் வழியில சந்திச்சுக்கறதே இல்ல."

"காத்துக் குழாயில அடிச்சு சுத்தமும் பண்ணிக்கறோமே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அடிக்கும்போது பறக்குதே, அது எங்க போகுது?"

"எங்கயோ போகும்."

"சன்னல் எல்லாம் மூடியிருக்குன்னு சொன்னீங்க. மூடின ரூம்ல 'எங்கயோ'ன்னா அது உங்க நெஞ்சுதான்."

அவளுக்கு நாத்தனாரின் இடுப்பும், துள்ளலும், அந்தச் சிரிப்பும் ஞாபகம் வந்தன. வாய்விட்டுச் சிரிக்கும்போது ஆள் எவ்வளவு காற்றை உள்ளே இழுப்பாள் என்று யோசித்தாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். அவள் பேசாமல் நடந்ததைப் பார்த்துக் கண்டக்டருக்குத்தான் மூச்சு முட்டியது.

"ஓடலாமான்னு கேக்க மறந்துட்டேன்," என்றாள் கடைசியில்.

"நீ வெளிய வந்ததும் நான் கேட்டேன். அந்த ரூமை விட்டு வெளிய வந்தா, நோயை இதோட நிறுத்திடலாம். உள்ளேயே இருந்தா, அப்புறம் மாடிப்படியும் உனக்கு மைதானம்தான்னு சொன்னாங்க."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொஞ்சம் பிசிறைக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினாள். பஞ்சாக இருந்தால் எரிந்து சாம்பலாகியிருக்கும். இது சுருண்டு, கருத்து, கடுகளவு கெட்டி மணியாகி உட்கார்ந்தது. பாட்டில் எரிந்த நாற்றம். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "இத்தனை வருஷமா பாட்டிலைப் போத்திக்கிட்டுத் தூங்கியிருக்கோம்."

*

மறுநாள் அவள் மேனேஜரிடம் போனாள். உறிஞ்சும் மிஷினுக்குப் பை மாற்றி ஓட்ட வேண்டும் என்றாள். மேனேஜர் கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் கஷ்டம். உட்காரச் சொன்னார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார், பிறகு சொன்னார்:

"தூசுக்குத்தான் பால் குடுக்கறோமே. நீங்க கேட்டுதானே குடுத்தோம்? வாசல்ல உக்காந்து கேட்டீங்களே!"

அடி எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. அவள் வாங்கிக் கொடுத்த பாலையே கேடயமாகப் பிடித்து நின்றார். கேட்டவள் இவள்தான். பாலைக் கேட்டபோது ஆலை ஏன் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. பை கேட்டிருந்தால் இழுத்தடித்திருப்பார்கள். பால் கேட்டதும் வாயெல்லாம் பல்லாகக் கொடுத்தார்கள். பால் கொடுத்துவிட்டால் பெண்கள் மிஷின் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கு. கை தட்டி, நன்றியும் சொல்லியிருந்தார்கள் சலூன் பெண்கள்.

தொங்கிப்போன முகத்தோடு சலூனுக்குத் திரும்பினாள். பால் நேரம் முடிந்து எல்லாரும் மிஷினில் இருந்தார்கள். வழக்கமாகப் பாலை வெளியே நடையில் நின்று குடிப்பார்கள். அண்ணி வரவில்லையே என்று நாத்தனார் அவள் பங்கை உள்ளே கொண்டுவந்து மேடைமேல் வைத்திருந்தாள்.

"ஆறிப்போச்சு அண்ணி. ஆடை கட்டியிருக்கும், எடுத்துப் போட்டுட்டு குடிங்க."

விசிலக்கா தம்ளரைப் பார்த்தாள். பாலின் மேல் ஆடை கட்டித்தான் இருந்தது, ஆனால் சிவப்பாக. மேனேஜரோடு பேசிவிட்டு வருவதற்குள் விழுந்தது அவ்வளவு. விரலால் வழித்தாள். ஈரச் சிவப்பு விரல் நுனியில் சின்னத் தொப்பி மாதிரி உட்கார்ந்தது. மறுபடி பாலைப் பார்த்தபோது, வழித்த இடத்தில் புதுப் பிசிறு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏய், இங்க வாடி," என்றாள் நாத்தனாரிடம். "நாளைக்கு யாரும் பால் குடிக்காதீங்க."

"ஏன், பூனை ஏதாவது வாய் வெச்சிடுச்சா?"

"பூனை வெச்சா பரவாயில்லை. பூனை மிச்சம் வெக்கும்."

*

மறுநாள் கரும்பச்சைப் போர்வை ஓடியது. பால் வந்தது. சலூன் பெண்கள் தம்ளர்களை வாங்கி, ஒருத்தியும் வாய் வைக்காமல், உள்ளே கொண்டுபோய் மேடைமேல் வரிசையாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். தம்ளர் திரும்பி வரவில்லை என்று கேன்டீன்காரர் போய்ச் சொல்ல, மேனேஜர் என்னவோ ஏதோ என்று கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார். சலூனுக்குள் வரும்போது அவர் எப்போதும் மூக்கை மூடுவார். அதை யாரும் அதுவரை கவனித்துப் பேசியதில்லை.

"என்னம்மா இது, பாலை வீணாக்கறீங்க?"

"வீணாகல சார். உங்களுக்காக வெச்சிருக்கோம்." விசிலக்கா ஒரு தம்ளரை எடுத்து நீட்டினாள். மேலே புல் முளைத்த மாதிரி இருந்தது. "குடிங்க. தூசு இறங்கிடும்."

யாரோ களுக்கென்று சிரித்தாள்.

"மேல இருக்கறதை எடுத்துட்டா..."

"நாங்க எப்படி சார் எடுக்கறது, மூச்சு விடும்போது? இந்தப் பால் இங்க இருந்த நேரம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். நாங்க காலையிலேர்ந்து இருக்கோம்."

"இதெல்லாம் மூக்கு முடியிலயே நின்னுடும். மனுஷனுக்கு அதுக்குத்தான் மூக்கு."

"அப்ப நீங்க கைக்குட்டையை எடுத்துடுங்க சார்," என்றாள் நாத்தனார். "உங்களுக்கும் மூக்கு இருக்கில்ல?"

மேனேஜரின் கை முகத்திலேயே நின்றுவிட்டது. எடுத்தாலும் வம்பு, எடுக்காவிட்டாலும் வம்பு. சலூன் முழுக்கச் சிரித்தது. ஆனால் விசிலக்கா சிரிக்கவில்லை.

"கண்ணுக்குத் தெரியறதாவது மூக்குல நிக்கும் சார். தெரியாததுதான் உள்ள போய் உக்காருதாம். எனக்குப் போய் உக்காந்தாச்சு. என்னால மைதானத்துல பாதி ஓட முடியல. இவளுக எல்லாம் என்னைவிட சின்னவங்க. பை மாட்டி மிஷினை ஓட்டுங்க. அதிகாரி வர்ற அன்னிக்கு மட்டும் இல்ல, நாங்க வர்ற அன்னிக்கெல்லாம்."

"பை வெளியூர்லேர்ந்து வரணும். முதலாளிகிட்ட கேக்கணும்."

"கேளுங்க. அது வர்ற வரைக்கும் சலூன் லீவு."

சுவிட்சை அணைத்தாள். அடுத்த மிஷின் அணைந்தது, அதற்கு அடுத்தது. அந்த அறையில் பகலில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. பறந்துகொண்டிருந்த பச்சை மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது.

முடி வெட்டாத போர்வைகள் வாசலில் குவிந்தன. மேனேஜர் வேறு பிரிவிலிருந்து ஆள் அனுப்பிப் பார்த்தார். பேக்கிங்கிலிருந்து வந்தவர்கள் மேடைமேல் இருந்த தம்ளர்களைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், "எங்க வேலையே தலைக்கு மேல கிடக்கு சார்," என்று திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒருவன் அந்தக் கோல்கீப்பர். போகிற போக்கில், "அக்கா, அன்னிக்கு பஸ்ஸுன்னு சொன்னது... தெரியாம சொல்லிட்டேன்," என்றான்.

"கோல் கோல்தான். மாத்த மாட்டேன்," என்றாள் விசிலக்கா.

பைகள் வந்தன. வெளியூரிலிருந்து வரவே வராது என்றவை, போர்வைக் குவியல் வாசலை மறைத்ததும் வந்துவிட்டன. மிஷின் ஓடியது, பெருமூச்சு விடாமல், முழுத் தொண்டையில். மேனேஜர் இரைச்சலுக்கு மேல் கத்தினார்: "அப்ப இனிமே பால் வேண்டாம்தானே?"

"யாரு சொன்னது? பால் எலும்புக்கு!"

மேனேஜரோடு மல்லுக்கட்டியது அவளுக்குச் சுலபமாக இருந்தது. காற்றுக் குழாயைப் பிடுங்கியதுதான் கஷ்டம். சாயங்காலம் ஆனால் சலூன் பெண்கள் முகம் தொங்கியது. நாள் முழுக்க இருந்ததிலேயே அது ஒன்றுதான் விளையாட்டு. அதற்குப் பதிலாகத் தரைத் தூசை உறிஞ்சும் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அதை உடம்பில் வைத்தால் பறக்காமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் நாளே அது நாத்தனாரின் முந்தானையைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அவள் போட்ட சத்தத்தில் பழைய சிரிப்பு திரும்பி வந்தது.

விசிலக்கா அதைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். டாக்டர் சொன்னபடி அவளைத் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே சன்னல் உண்டு. சில மாதம் கழித்துக் குழாயில் ஊதிப் பார்த்தபோது திரையில் கோடு முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"போனது திரும்பாதும்மா. ஆனா மேற்கொண்டு போகல," என்றாள் டாக்டர்.

"ஓடலாமா?"

"கொஞ்சம். முட்டினா நிறுத்தணும்."

'கொஞ்சம்' என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். கண்டக்டர் பத்தடி என்றார். அவள் பாதி ஆட்டம் என்று முடிவு செய்தாள். முதல் பாதி முழுக்கப் பந்துக்குப் பக்கத்திலேயே இருந்தாள், பழைய வேகம் இல்லைதான், குறுக்கு வழி கண்டுபிடித்து வெட்டி வெட்டி ஓடினாள். இடைவேளையில் விசிலை நாத்தனார் கழுத்தில் மாட்டினாள். ஆட்டத்தை அவள் பார்த்துப் பார்த்தே கற்றிருந்தாள், ஆனால் எதிர்த்துப் பேசினால் அழுதுவிடுவாளோ என்று எல்லாருக்கும் பயம்.

விசிலக்கா கோட்டுக்கு வெளியே புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெஞ்சு விம்மி விம்மித் தணிந்தது. கண்டக்டர் தண்ணீரை நீட்டினார். மைதானத்தில் ஆட்டம் தொடங்கி, பந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டது. அவளுக்கு மூச்சு வந்து சேர நேரம் பிடித்தது. சேர்ந்ததும் அதை வீணாக்காமல் எழுந்து நின்றாள்.

"ஏய்! கண்ணை எங்கடி வெச்சிருக்க? அவன் முன்னாலேயே போய் நிக்கறான், ஆஃப்சைடு, ஊதுடி!"

"நடுவர் நான் அண்ணி! நீங்க உக்காருங்க!" என்று மைதானத்தின் நடுவிலிருந்து பதில் வந்தது.